ஏழு நிமிடம் முன்னால் ஓடிய கேமரா

அத்தியாயம் 4

கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீன் வாசலில் மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நான்காவது தடவை காவலாளி முறைத்ததால் நின்றான். மணி பன்னிரண்டே முக்கால். ஐந்து மணிக்குள் ஒரு பதில் கிடைக்காவிட்டால் அவனுடைய அக்கா புருஷனின் பதினெட்டு வருஷ வேலை போய்விடும். வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். கூடவே ஒட்டிக்கொண்டு வரப்போகிற கெட்ட பெயரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் அவன். அந்த வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் பெயர் அவனை விடவில்லை. இப்போது துப்பறியும் மேடத்துக்கு உதவியாளன். மேடம் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் நின்று நின்றே மனிதர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"உக்காருப்பா. உன்னைப் பாத்தா எனக்கே மூச்சு வாங்குது," என்றார் மேடம்.

"பஸ்ல நின்னே பழகிட்டேன் மேடம். உக்காந்தா டிரைவர் தூங்கறாருன்னு பயம் வந்துடும்."

வழக்கு எளிமையானது, எளிமையாக இருந்ததுதான் தொல்லை. அத்தான் ஒரு பெரிய கேமரா கடையில் விற்பனையாளர். போன திங்கட்கிழமை ஒரு நர்ஸுக்குப் புத்தம்புது கேமராவை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நர்ஸ் புதன்கிழமை கடைக்கு வந்து, இது யாரோ உபயோகித்த கேமரா என்றார். பெட்டியில் சீல் இருந்தது. சீல் மேல் அத்தானின் கையெழுத்து. கடைக் கணக்குப்படி மூன்று வாரமாகப் பெட்டி இருந்தது அத்தானின் லாக்கரில். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? திருட்டுத்தனமாக வாடகைக்கு விட்டிருக்கிறாய், வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் யாருக்கு விட்டாய் என்று சொல், இல்லையென்றால் போலீஸ் என்று சொல்லிவிட்டார். இன்றுதான் வியாழக்கிழமை.

நர்ஸ் வந்தார். முப்பது வயதிருக்கும். கேமராப் பையை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கடையில விட்டுட்டு வரச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். விட்டா அப்புறம் இது எந்தக் கேமரான்னே தெரியாமப் போயிடும்," என்றார்.

"சரியா செஞ்சீங்க. பழசுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேடம்.

"நைட் டூட்டி பாத்துப் பாத்து சேத்த பணம் மேடம். பறவைங்கள எடுக்கணும்னு ஆறு வருஷமா ஆசை. வாங்கறதுக்கு முன்னாடியே அந்தக் கையேட்டை மூணு தடவை படிச்சுட்டேன். முதல் தடவை ஆன் பண்ணா தேதியும் மணியும் கேக்கும்னு போட்டிருக்கு. இது கேக்கவே இல்ல. சரி, கடையில யாராவது செட் பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். முதல் படம் எடுத்தேன். ஜன்னல்ல ஒரு காக்கா. படத்தோட நம்பர் பாத்தா ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு."

"உங்க காக்காவுக்கு முன்னாடி ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஏறி எறங்கியிருக்காங்க. வண்டி செம கலெக்‌ஷன்," என்றான் கண்டக்டர். நர்ஸ் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவனும் இல்லை. வாய்தான் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் இந்தக் கண் வெச்சுப் பாக்கற இடம். பாத்தா எல்லாம் மசமசன்னு இருந்துச்சு. பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கு பாருங்க, அவங்கவங்க பார்வைக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கறது. அது கடைசி வரைக்கும் மைனஸ் பக்கம் திரும்பியிருந்துச்சு. புதுசுல அது நடுவுல இருக்கணும்."

"யாரோ கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்திருக்காங்க," என்றார் மேடம் மெதுவாக. "மணியை நீங்க மாத்தினீங்களா?"

"இல்ல மேடம். எதையும் தொடல."

மேடம் கேமராவை ஆன் செய்து, அதன் திரையையும் தன் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கைபேசியில் ஒன்று மூன்று. கேமராவில் ஒன்று பத்து.

"ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது. கேமராக் கடிகாரம் மாசத்துக்கு நாலஞ்சு செகண்ட் தப்பும். ஏழு நிமிஷம் தப்பாது. முதல் தடவை மணி கேட்டப்போ, எதிர்ல இருந்த ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பாத்து யாரோ அப்படியே போட்டிருக்காங்க. அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட். அது எந்தச் சுவர்ல தொங்குதோ அங்கதான் நம்ம ஆள்."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

மேடம் பெட்டியை எடுத்தார். மூடியின் மேல் வட்டமான சீல் ஸ்டிக்கர், நர்ஸ் கத்தியால் நேராகக் கீறியிருந்தார். கையெழுத்து முழுசாக இருந்தது. மேடம் அதையே உற்றுப் பார்த்தார். ஸ்டிக்கரின் இடது ஓரத்தில் பேனாவின் ஒரு சின்ன வால், எந்த எழுத்தோடும் சேராமல் தனியாக நின்றது.

"இந்த வால் இந்தக் கையெழுத்தோடது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வால்," என்றார். "கடைக்குப் போலாம் வா."

ஆட்டோவில் கண்டக்டர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. அதைப் பற்றியும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் கூட்டமில்லை. கண்ணாடி அறைக்குள் முதலாளி கணக்கு பார்க்கிற பாவனையில் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததைத்தான் மறுபடி துடைக்கிறார் என்பது கண்டக்டருக்குத் தெரிந்தது. ஒரே ராத்திரியில் மனிதர் பாதியாகிவிட்டார்.

"உங்க சட்டைப் பையில இருக்கறதைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றார் மேடம், எடுத்த எடுப்பிலேயே.

அத்தான் திடுக்கிட்டார். தயங்கித் தயங்கி வெளியே எடுத்தார். ஒரு பேனா, ஒரு கைக்குட்டை, ஒரு நீளமான ஸ்டிக்கர்ப் பட்டை. பட்டையில் எட்டு வட்டங்கள். எட்டிலும் கையெழுத்து போட்டு ரெடியாக இருந்தது. ஒரு கையெழுத்தின் வால் அடுத்த வட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"சரக்கு வந்தா, பெட்டியைத் திறந்து பாத்து, மூடி, சீல் ஒட்டிக் கையெழுத்துப் போடணும். அதுதான் முறை, இல்லையா?"

"ஆமாங்க."

"நீங்க காலையில டீ குடிக்கும்போதே மொத்தமா போட்டு வெச்சுக்கறீங்க."

அத்தானின் காது சிவந்தது. "ஒரு நாளைக்கு முப்பது பெட்டி வருங்க. கை வலிக்குது. எல்லாருமே இப்படித்தான் செய்யறோம். அதை வெளியில சொன்னா அத்தனை பேர் வேலைக்கும் வேட்டு. அதான் சொல்லல."

"அப்ப இந்தப் பட்டை கைக்குக் கிடைச்ச யார் வேணும்னாலும் பெட்டியைத் திறந்து, மறுபடி உங்க கையெழுத்தோட சீல் ஒட்டலாம். இது எப்பவும் உங்க சட்டைப் பையிலதான் இருக்குமா?"

அத்தான் கண்டக்டரின் முழங்கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்துப் போனார்.

"மாப்ள, இதை இத்தோட விட்டுடு."

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"நான் பாத்துக்கறேன். ஏதோ ஆசைப்பட்டு எடுத்திருப்பாங்க. அதுக்காக யாரையும் காட்டிக் கொடுக்க முடியாது. எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ அக்காவைப் பாத்துக்க, அது போதும்."

அத்தானே எடுத்திருக்கிறார், அதை நேராகச் சொல்ல முடியாமல் யாரோ என்று சுற்றி வளைக்கிறார் என்றுதான் கண்டக்டருக்குப் பட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

தெருவுக்கு வந்ததும் மேடம் நடையை நிறுத்தினார்.

"எந்தச் சுவர்?"

"என்ன மேடம்?"

"ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடற கடிகாரம் எந்தச் சுவர்ல இருக்குன்னு கேக்கறேன். ஒன்பது வருஷமா உன் வாய் ஓயாம ஓடி நான் கேட்டுட்டு இருக்கேன். என் மாமியார் காரியத்துக்கு வந்தப்பகூட நீ சும்மா இல்ல. இன்னிக்கு மணி ஒண்ணு மூணுக்கு நின்னு போச்சு. பஸ் குறுக்க வந்து நின்னுது, அதுக்குக்கூட வாயைத் திறக்கல. பரீட்சை ஹால்ல பிட்டு வெச்சிருக்கறவனும் இப்படித்தான், திடீர்னு ரொம்ப நல்ல பிள்ளையாயிடுவான்."

கண்டக்டர் பிளாட்பாரத்து ஓரக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா வீட்டுக் கடிகாரம் மேடம். அத்தான் தினமும் எட்டு இருவது பஸ்ஸை விட்டுடறாருன்னு நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி ஏழு நிமிஷம் தள்ளி வெச்சேன். பத்து வேண்டாம், பத்துன்னா மனசுக்குள்ள கழிச்சுடுவாங்க, ஏழுன்னா கழிக்க சோம்பல்படுவாங்கன்னு யோசிச்சு வெச்சேன். என் புத்தியாலயே என் அத்தானை மாட்டி விட்டுட்டேன்."

"அப்ப பெட்டி மூணு வாரமும் லாக்கர்ல இல்ல. உங்க அக்கா வீட்ல இருந்திருக்கு."

"அவரு எடுத்திருந்தாலும் எனக்கு அவரு அத்தான்தான். நான் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன். மன்னிச்சுடுங்க."

"எழுந்திருப்பா. உங்க அத்தான் கண்ணாடி போடறாரா?"

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தான். போடுவதில்லை. கண்ணாடி போடுவது அவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் பட்ட சாமானையெல்லாம் நோண்டிப் பார்ப்பதும் அவன்.

"அவரு காப்பாத்தப் பாக்கறது உன்னை. நீதான் எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு பேசாம இருக்காரு. நீ அவரைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டுப் பேசாம இருக்க. நல்ல குடும்பம். உன்னுது படிக்கற கண்ணாடி. நீ எடுத்திருந்தா அந்தச் சக்கரம் ப்ளஸ் பக்கம் திரும்பியிருக்கும். அது மைனஸ் பக்கம் திரும்பியிருக்கு. கிட்டப் பார்வைக்காரங்க."

அந்த வீட்டில் கிட்டப் பார்வைக்காரர் ஒருவர்தான் உண்டு. ஆறாம் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் கண்ணாடி போட்டவர். கண்டக்டர் எழுந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டான்.

அக்கா கதவைத் திறந்தாள். மாடி வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின். எதிர்ச் சுவரில் கடிகாரம் மூன்று முப்பத்தேழு காட்டியது. மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பது. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அவருக்கு என்ன ஆச்சு தம்பி?" என்றாள் அக்கா. "நேத்து ராத்திரி பூரா கூரையைப் பாத்துட்டுப் படுத்திருந்தாரு. கேட்டா வாயைத் திறக்கல."

கண்டக்டர் சொன்னான். சொல்லச் சொல்ல அக்காவின் கை கண்ணாடியைக் கழற்றியது, மாட்டியது, மறுபடி கழற்றியது.

"அவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டினாங்களா?"

"ஆமாக்கா."

"அந்தாளு ஒரு குண்டூசியைக்கூட கடையிலேர்ந்து கொண்டு வந்ததில்லையே," என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் எடுத்தேன். மூணு வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை டெலிவரிக்குன்னு கொண்டு வந்தாரு. வாங்கின நர்ஸ் பொண்ணு அம்மாவைப் பாக்கப் போயிருக்கு, மூணு வாரம் ஆகும்னு போன் வந்துச்சு. பஸ்ல திருப்பிக் கொண்டு போனா ஆட்டம் கண்டுடும்னு அலமாரியில வெச்சாரு. என்னால அந்த அலமாரியைத் தாண்டிப் போக முடியல."

"என்னக்கா, நீ கேமராவைத் தொட்டதே இல்லையே."

"தொட்டதில்ல. ஆனா பதினெட்டு வருஷமா ராத்திரி சாப்பிட உக்காந்தா உங்க அத்தான் வேறென்ன பேசறாரு? வெளிச்சம் எப்படி வரணும், ஓடற ஆளை எப்படி நிறுத்தணும், பின்னாடி இருக்கறதை எப்படி மங்கலாக்கணும். சாதம் போட்டுக்கிட்டே எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன். எல்லாம் தெரியும், கையில வெச்சுப் பாத்ததில்ல. ஒரே ஒரு படம்னு பெட்டியைத் திறந்தேன். அது மணி கேட்டுச்சு. நிமிந்து பாத்துப் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியலடா."

ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு படம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஒரே ஜன்னலிலிருந்து எடுத்தது. அவர் குளிக்கிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து, பெட்டியைப் பழையபடி மூடியிருக்கிறாள். படங்கள் இருந்த கார்டை மட்டும் மனசு வராமல் நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

"தப்புன்னு தெரியும். கண்டுபிடிப்பாங்கன்னு தெரியாது," என்றாள். "இருங்க, செருப்பு மாட்டிக்கிட்டு வரேன். முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

"அக்கா, யோசிச்சு..."

"நீ ஒண்ணும் பேசாத. அவரு எனக்குத் தெரியாமத் தலை குனிஞ்சது போதும்."

கடைக்குப் போய்ச் சேரும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம். கண்ணாடி அறைக்குள் நர்ஸ் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். அத்தான் நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. அக்கா வாயைத் திறப்பதற்குள் முதலாளி கையமர்த்தினார்.

"உக்காருங்கம்மா. அழ வேண்டாம், எல்லாம் முடிச்சுட்டேன். இவர் இல்லாம இந்தக் கடை ஓடுமா? மத்தியானம் கோவம் தணிஞ்சு யோசிச்சேன். வேற புதுப் பெட்டி இதோ, இந்தம்மாவுக்குக் கொடுத்துடறேன். பழசைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறேன். வரும்போதே சீல் உடைஞ்சிருந்துச்சு, உபயோகிச்ச சரக்கை அனுப்பிட்டீங்கன்னு கடிதம் அடிச்சாச்சு. அவங்க மாத்திக் கொடுத்துடுவாங்க. சரக்கைப் பாத்து வாங்கினவர்னு இவர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளையிலேர்ந்து வழக்கம்போல வரலாம்."

கண்டக்டருக்கு உடம்பெல்லாம் லேசானது. இவ்வளவுதானா? ஒரு கையெழுத்து. எட்டு கையெழுத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிற மனிதருக்கு இன்னொன்று ஒரு பெரிய விஷயமா? போடுங்க அத்தான், போட்டுட்டு வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று மனசுக்குள் கெஞ்சினான். மேடம் சுவரோரம் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் பேனாவை எடுத்தார்.

அக்கா நர்ஸிடம் போனாள். கையை விரித்து அந்தக் கார்டை நீட்டினாள். "உங்களுக்கு முன்னாடி இதுல படம் எடுத்தது நான்தாம்மா. மன்னிச்சுக்குங்க," என்றாள். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

நர்ஸ் அவளையே பார்த்தார். கோபத்தில் உதடு துடித்தது. கார்டை வாங்கிக் கேமராவுக்குள் போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயில் உட்கார்ந்த ஒரு புறா. கண்ணாடி துடைக்கிற ஆள், அவன் பின்னால் மங்கலாகத் தெரு. மழைக்கு ஓடுகிற இரண்டு சைக்கிள்கள். நர்ஸின் விரல் வேகம் குறைந்தது.

"இது யாரு? இவரே நிறைய வராரு," என்று திரையைத் திருப்பினார்.

மேலிருந்து எடுத்த படம். ஒரு மனிதர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார். ஒரு கால் தரையில் இல்லை. அடுத்ததில் மழை. அதற்கடுத்ததில் படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டு, ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார்.

அத்தான் பேனாவோடு குனிந்து பார்த்தார். கண்டக்டரும் எட்டிப் பார்த்தான். அத்தான் அழகான மனிதர் என்று அவனுக்கு இந்த இருபது வருஷத்தில் தோன்றியதே இல்லை.

"இது எப்ப எடுத்த?" என்றார் அத்தான்.

"தினமும்தான்," என்றாள் அக்கா.

"ஓடறவனை நிறுத்தியிருக்க. கொஞ்சம்கூட ஆடல."

"நீங்கதானே சொன்னீங்க."

முதலாளி கடிதத்தை விரலால் தட்டினார். "மணி அஞ்சாகுது. போடுங்க."

அத்தான் பேனாவை மேசை மேல் வைத்தார். "சீல் சரியாத்தான் வந்துச்சு சார். பெட்டியை என் வீட்ல வெச்சது என் தப்பு. ஸ்டிக்கர்ல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதும் என் தப்பு. படம் எடுத்தது என் பொண்டாட்டி. அனுப்பினவங்க புதுசைத்தான் அனுப்பினாங்க."

"யோவ், வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா இந்தப் பதினெட்டு வருஷத்துல புதுசைப் புதுசுன்னும் பழசைப் பழசுன்னும்தான் சொல்லியிருக்கேன்."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டான். சாவிக்கொத்து மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது முதலாளி அத்தானின் லாக்கர் சாவிகளை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கார்டை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார், பழைய கேமராவை மேசையில் வைத்தார், புதுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோவம் போகலக்கா," என்றார். "ஆனா அந்தப் புறா படம் எப்படி எடுத்தீங்கன்னு ஒரு நாள் சொல்லிக் கொடுங்க."

அத்தான் கடைசியாகக் கவுண்டருக்குள் போனார். பழைய கேமராவின் விலையைத் தனக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பில் புத்தகத்தை எடுத்து நின்றபடியே எழுதினார். வாங்குபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். பொருள் என்ற இடத்தில் கேமரா ஒன்று, பக்கத்திலேயே, உபயோகித்தது. கீழே கையெழுத்துப் போட்டு, எந்த வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல இரண்டு கையாலும் பில்லை அக்காவிடம் நீட்டினார்.

"நல்லா ஓடும்ங்க. நான் பாத்துட்டேன்," என்றார்.